அத்தியாயம் 4: வீடும் அதைச் சுற்றி அரை கிலோமீட்டரும்

சென்னையில் வாடகைக்கு ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் கொட்டும். திருப்தியாக மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். மாடித் தொட்டி இப்போது நிறைந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் குழாய் எதையும் சொல்வதில்லை. தொட்டிக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, மே மாதத்திலும் வருமா, வராவிட்டால் யார் காசில் வரவழைப்பது என்பதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கேட்கவில்லை. இந்த ஊரில் என் முதல் ஃபிளாட்டை ஒரு ஜனவரி மாதத்தில் பார்த்தேன். பெரிய ஜன்னல், நல்ல காற்று, புது டைல்ஸ். அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில் போர் வற்றியது. காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் என்று மோட்டார் போட்டார்கள். பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாமல் சமையல் நின்றது. வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றால், அந்தத் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு டீக்கடையைத் தவிர எதுவும் இல்லை. லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். “அதெல்லாம் குடியிருக்கிறவங்க பார்த்துக்க வேண்டியதுதான் சார்” என்றார். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அதற்குப் பிறகு வீடு பார்க்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்றைச் சொல்லி வருகிறேன். வீட்டைப் பார்க்க இருபது நிமிடம் போதும். அதைச் சுற்றி அரை கிலோமீட்டரை நடந்து பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் வாடகை கொடுப்பது அந்த வட்டம் முழுவதற்கும் சேர்த்துத்தான்.

தண்ணீர்

சென்னை ஃபிளாட்டுக்குத் தண்ணீர் மூன்று வழிகளில் வரும். ஒன்று மெட்ரோ வாட்டர். தெருக் குழாயிலிருந்து தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் விழும்; அங்கிருந்து மோட்டார் வைத்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவார்கள். இரண்டாவது போர். மூன்றாவது லாரி. வீட்டைக் காட்ட வரும் புரோக்கர் “24 மணி நேரமும் தண்ணி சார்” என்பார். இந்த மூன்றில் எதிலிருந்து 24 மணி நேரம் என்று கேளுங்கள்.

மெட்ரோ வாட்டர் வருகிற கட்டடம் என்றால், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் வருகிறது, சம்ப்பின் கொள்ளளவு என்ன என்று விசாரியுங்கள். போர் மட்டும் என்றால் குளியலறையில் குழாய் முனையையும் வாளியின் உள்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு அப்பியிருந்தால் அது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, துணி மங்கும், வாட்டர் ஹீட்டரின் காயில் சீக்கிரம் கெடும். பழைய மாம்பலத்து வீட்டுக்கும் ராஜீவ் காந்தி சாலையில் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கத்து அடுக்குமாடிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வாடகையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அந்தச் சாலையோரக் குடியிருப்புகளில் பல வருஷம் முழுவதும் லாரியை நம்பியே நிற்கின்றன.

லாரிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். நகர வாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டமிடலில் வழக்கமான அளவு. பத்து வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் ஒரு நாளைக்கு 5,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று இரண்டு நாளைத் தாண்டினால் அதிகம். கோடையில் மாதத்துக்குப் பதினாலு, பதினைந்து லாரி. அந்தத் தொகையைப் பத்தால் வகுத்து மாத வாடகையோடு கூட்டுங்கள். அதுதான் அந்த வீட்டின் உண்மையான வாடகை.

2019 கோடையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஓட்டல்கள் சில மதியச் சாப்பாட்டைக் குறைத்தன, சில கொஞ்ச நாள் மூடியே விட்டன. அதன் பிறகு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலையும் 2024-ல் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் உங்கள் கட்டடத்துக்கு அந்த நீர் வருகிறதா என்பது குழாய் பதித்த தெருவைப் பொறுத்தது. ஏரி நிறைந்திருக்கும் வருஷத்தில்கூட உங்கள் சம்ப் காலியாக இருக்கலாம்.

இந்தக் கேள்விகளை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். வாட்ச்மேனிடம் கேளுங்கள்: “அண்ணே, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க? போன மே மாசம் லாரி வந்துச்சா?” தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம் கேளுங்கள். பகல் முழுவதும் தெருவில் நிற்கிறவர் அவர். எந்தக் கட்டடத்துக்குள் லாரி திரும்புகிறது என்பது அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் குடித்தனக்காரர் அடிக்கடி மாறுகிறார்கள் என்பதும் தெரியும்.

அவரிடமே வெள்ளத்தையும் கேட்டுவிடுங்கள். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய வேளச்சேரி போன்ற இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. கீழ்த்தளத்தில் குடியிருக்கப் போவதில்லை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். சம்ப்பின் மூடி தெருமட்டத்தில் இருந்தால் மழைத் தண்ணீரோடு சாக்கடையும் அதற்குள் போகும். நாலாவது மாடியில் இருப்பவரும் அதே தண்ணீரில்தான் பல் விளக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு சம்ப்பை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பிறகே மோட்டார் போடச் சொல்லுங்கள்.

குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குவதானால் 20 லிட்டர் கேனில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, தேதி, பிரிக்காத சீல் மூன்றையும் பாருங்கள். கேன் பழசாகி, கீறல் விழுந்து மங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேன் போடும் தம்பி முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுங்காலப் பழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த “ஒழிய” என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம். தகராறு என்று வந்தால் பதிவான ஒப்பந்தம்தான் பேசும். எந்தத் தகராறிலும் வீட்டுக்காரர் உங்கள் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் நான்கு விஷயங்களைக் கட்டாயம் எழுத்தில் வாங்க வேண்டும். கோடை லாரிச் செலவு யாருடையது. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்கப் பிடித்துக்கொள்ளும் தொகை எவ்வளவு; ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. மெயின்டெனன்ஸில் என்னென்ன அடக்கம். மின்சார மீட்டர் உங்களுக்குத் தனியாக உண்டா.

கடைசி விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் மாதா மாதம் கடிக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு. வீட்டுக்காரர் ஒரே இணைப்பில் மூன்று குடித்தனத்தை வைத்து, சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. இன்னொன்று: 500 யூனிட்டைத் தாண்டும்போது, தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப் படியின் விலையும் சேர்ந்து ஏறுகிறது. ஏ.சி. போடும் வீடு என்றால் முப்பதாம் நாள் ஒருமுறை மீட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

மேல்வீடு, கீழ்வீடு

தனி வீட்டிலிருந்து ஃபிளாட்டுக்கு வருகிறவர்கள் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கும் உண்மை ஒன்று உண்டு. உங்கள் தரைதான் இன்னொருவரின் கூரை. காலை ஐந்து மணிக்கு அம்மியில் தேங்காய் அரைத்தால் கீழ்வீட்டுக்காரருக்கு அது தலைக்கு மேல் கேட்கும். மிக்ஸிக்கு அடியில் ஒரு தடித்த துணியை மடித்துப் போடுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது; பல வருஷத்து மனஸ்தாபம் மிச்சமாகும்.

சண்டைக்கு முதல் காரணம் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் கசிவுதான். மேல்வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட் தேய்ந்து, தண்ணீர் இறங்கி, உங்கள் கூரையில் முதலில் மஞ்சள் வட்டமாகத் தெரியும். பிறகு பூச்சு உப்பும், பிறகு விழும். மஞ்சள் வட்டத்தைப் பார்த்த அன்றே தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அசோசியேஷனுக்கும் அனுப்புங்கள். கோபத்தோடு மேலே ஏறிப் போகாதீர்கள். போய்ச் சொல்லவேண்டி வந்தால், “அக்கா, எங்க பாத்ரூம் சீலிங்ல ஈரம் கட்டுது, ஒரு தடவை வந்து பாருங்களேன்” என்று அழைத்துக் காட்டுங்கள். தன் கண்ணால் பார்த்தவர் மறுக்க மாட்டார்.

கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மேல்வீட்டில் ஒரு நாள் முழுவதும் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் காயவிடச் சொல்லுங்கள். சொட்டு நின்றால் தரையில் இறங்கும் தண்ணீர். இடுக்குகளைச் சுரண்டி மறுபடி அடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சொட்டு நிற்காவிட்டால் குழாய். சுவருக்குள் போகும் இணைப்பைத் திறக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் குழாய்க்கு அந்த வீட்டின் உரிமையாளர் பொறுப்பு. எல்லா மாடிக்கும் பொதுவாக இறங்கும் குழாய்க்கு அசோசியேஷன் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர் இதில் எந்தச் செலவையும் ஏற்கத் தேவையில்லை. எங்கள் கட்டடத்தில் ஒரு பெரியவர், மேல்வீட்டோடு பேச்சு முறிந்துபோனதால், மூன்று மழைக்காலம் கூரைக்கடியில் வாளி வைத்துக்கொண்டே வாழ்ந்தார். இரண்டு வீட்டையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு வேலை முடிய ஒன்றரை நாள்தான் ஆனது. அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. வடாம் காயவைக்கவும், போர்வை உலர்த்தவும் வாடகைக்காரருக்கும் உரிமை உண்டு. சாவி யாரிடம் என்று குடியேறிய அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள். வண்டி வரவில்லை என்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913.

அரை கிலோமீட்டர் சாப்பாடு

இனி அந்த நடைக்கு வருவோம். வீட்டைப் பார்த்த அன்றே மதியம் ஒன்றரை மணிக்கு அந்தத் தெருவில் எங்காவது சாப்பிடுங்கள். ஒன்றரை மணிக்குக் கூட்டம் நிற்கும் மெஸ் ஒன்று நடை தூரத்தில் இருந்தால், அந்தப் பகுதிக்கு என் கணக்கில் இரண்டு மதிப்பெண் கூடுதல்.

மெஸ் என்பதை ஓட்டல் என்று நினைத்து உள்ளே போகக் கூடாது. அங்கே மெனு கார்டு தேட வேண்டாம். “இன்னிக்கு என்ன கூட்டு அண்ணே?” என்று கேட்டால் போதும். அளவு சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு வகை. அளவு சாப்பாட்டில் சோறு ஒருமுறைதான். ஒருவருக்கு மதியம் அளவு சாப்பாடு தாராளம். பார்சல் சாப்பாட்டில் பல இடங்களில் சோறு கூடுதலாக வைப்பார்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பார்சல் வாங்கி, வீட்டில் ஒரு காய் மட்டும் செய்துகொண்டால் ஒரு வேளை கழிந்துவிடும். வழக்கமாகப் பன்னிரண்டுக்கு இலை போட்டு மூன்று மணிக்குள் முடித்துவிடுவார்கள். இரண்டே முக்காலுக்குப் போனால் பொரியல் இருக்காது, ரசம் இருக்கும்.

இந்த ஊரின் மெஸ்களை வளர்த்ததில் திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலை தேடி வந்து ஒற்றை அறையில் தங்கியவர்களுக்கு அடுப்பு வைக்க இடமில்லை. அவர்கள் வயிற்றை நம்பி மெஸ்களும், மெஸ்ஸை நம்பி அவர்களும் வாழ்ந்தார்கள். காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து உட்காரும் வழக்கம் அந்தக் கூட்டத்தால் வந்ததுதான். அதே திருவல்லிக்கேணியில் 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபேயில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருவார்கள்; சாம்பார் தீர்ந்தால் மேலும் ஊற்றுவார்கள். மயிலாப்பூரில் கற்பகாம்பாள் மெஸ், ராயர் கஃபே, ஜன்னல் வழியாகவே தட்டை நீட்டும் ஜன்னல் கடை என்று ஒரு காலை நடையிலேயே மூன்றையும் பார்த்துவிடலாம். இவற்றைத் தேடி நகரத்தின் மறுகோடியிலிருந்து வருவது ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, வேலை முடிந்து திரும்பும்போது உங்களுக்குச் சோறு போடப்போவது உங்கள் தெருமுனைக் கடைதான். அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும்.

கையேந்தி பவன் என்றால் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். தட்டு கழுவும் வாளித் தண்ணீரை எத்தனை முறை மாற்றுகிறார்கள். சட்னிப் பாத்திரத்துக்கு மூடி இருக்கிறதா. சுடச்சுட இட்லியைத் தட்டின் மேல் வாழையிலையில் வைக்கிறார்களா, பிளாஸ்டிக் தாளிலா. தாள் என்றால், “அக்கா, எனக்கு வெறும் தட்டுலயே வெச்சுடுங்க” என்று கேளுங்கள். கொடுப்பார்கள். கூட்டம் அதிகமான நேரத்தில் போங்கள். அப்போதுதான் எல்லாம் அடுப்பிலிருந்து நேராக வரும். தேங்காய்ச் சட்னியை இரவு பத்து மணிக்கு மேல் நான் தொடுவதில்லை. காரச் சட்னியோடு நிறுத்திக்கொள்வேன்.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே மாலையில் போகும் வாய்ப்பிருந்தால் அத்தோ சாப்பிட்டுப் பாருங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்ப நேர்ந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸில் கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மக்கள் தங்கள் நாக்கின் நினைவை வைத்தே இந்த நகரத்தில் ஒரு தெருவை உருவாக்கியிருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று சாப்பிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கையில் பணம் குறைவாக இருக்கும் மாதக் கடைசிக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ல் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று தொடங்கினார்கள். படிக்கும் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். உங்களுக்கு அருகே இருப்பது எங்கே என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நிற்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

பில்லைப் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; ஏ.சி. ஹாலுக்கும் வெளி ஹாலுக்கும் வரி ஒன்றுதான். ஏ.சி. ஹாலில் கூடுதலாக இருப்பது கடைக்காரர் வைத்த விலை. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதைக் கட்டாயமாக வாங்க முடியாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது, எடுத்துவிடச் சொல்லலாம். பரிமாறியவருக்கு ஏதாவது தர விரும்பினால் அவர் கையிலேயே கொடுங்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் புகார் செய்ய அந்த எண் தேவைப்படும் என்பதால் பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

கடைசியாகப் பார்சல். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பையில் ஊற்றி நூலால் கட்டித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தடை போட்டும் அது நிற்காததற்குக் காரணம் கடைக்காரர் மட்டும் இல்லை. வெறும் கையோடு போய் நிற்கும் நாமும்தான். புது வீட்டுக்கு வாங்கும் பாத்திரங்களோடு மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கு ஒன்றும், இரண்டடுக்கு டிபன் கேரியர் ஒன்றும் வாங்குங்கள். அவற்றைச் சமையலறைப் பரணில் ஏற்றாமல், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி மாட்டி வையுங்கள். சாம்பார் வாங்கப் போகும்போது தூக்கோடு போங்கள்.